‘ஷார்ப்’ என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குத் தமிழில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சனிக்கிழமை டீச்சர் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 14 பேர் வருகிறார்கள், 9 வயதிலிருந்து 13 வயது வரை. நான்கைந்து தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கிற குடும்பங்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்றால் அவர்களுக்குக் கோயில் பாட்டு, சாப்பாட்டுப் பெயர்கள், தாத்தா பாட்டி என்ற உறவுப் பெயர்கள், அவ்வளவுதான். நான் கும்பகோணத்தில் பிறந்தவள். கணவரின் வேலைக்காக 2013-இல் இங்கே வந்தேன்.

போன வாரம் சொல்வளப் பட்டியலில் ‘கூர்மை’ வந்தது. பலகையில் எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு ‘ஷார்ப்’ என்று எழுதினேன். பென்சில், கத்தி, ஊசி மூன்றையும் காட்டினேன். ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதி வாருங்கள் என்று அனுப்பினேன்.

28 வாக்கியங்கள் வந்தன. பென்சில், கத்தி, ஊசி எல்லாம் சேர்த்து 9 தான். மற்றவற்றில் சிலவற்றை அப்படியே தருகிறேன். ‘அப்பா ஏழு மணி கூர்மைக்கு வேலைக்குப் போகிறார்.’ ‘பாட்டியின் மாங்காய் ஊறுகாய் ரொம்பக் கூர்மை.’ ‘கல்யாணத்துக்கு என் அண்ணன் கூர்மையாக உடுத்தினான்.’ ‘நான் கூர்மையாகப் பாடினேன், மியூசிக் டீச்சருக்குப் பிடிக்கவில்லை.’ ‘டாக்சி டிரைவர் என் அப்பாவைப் பார்த்துக் கூர்மை கூர்மை என்றார்.’ ஒரு பையன் வாக்கியம் எழுதியதோடு நிற்காமல் கணக்குப் பாடத்துக்கு வைத்திருக்கும் கால்குலேட்டரைக் கொண்டுவந்து, ‘டீச்சர், இதன் மேலேயே ஷார்ப் என்று இருக்கிறது, இது எதற்குக் கூர்மை?’ என்று கேட்டான்.

என்னால் சிவப்புப் பேனாவை எடுக்க முடியவில்லை. பலகையில் சமக்குறி போட்டது நான்தானே. அதை நம்பி, தங்களுக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை அடித்துவிட்டு ‘ஊறுகாய்க்கு இந்தச் சொல், சட்டைக்கு அந்தச் சொல்’ என்று பன்னிரண்டு சொற்களைக் கொடுத்தால் மனப்பாடம் செய்வார்கள், அடுத்த வாரம் மறப்பார்கள். சரியான தமிழ்ச் சொல்லை அவர்களே தேடிப் பிடிக்க ஏதாவது வழி உண்டா?

இன்னொன்று. 11 வயதுப் பெண் ஒருத்தி எழுதியது: ‘தாத்தா இறந்தபோது எனக்குக் கூர்மையாக வலித்தது.’ அவள் தாத்தா ஜூலையில் இறந்தார். இது பிழையா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லெனேசியா நர்ஸ் எழுதியது:

டீச்சர் அக்கா, வணக்கம். நான் திருநெல்வேலிக்காரி. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். நர்ஸ் வேலை பார்க்கிறேன்.

எங்கள் வேலையில் இந்தச் சொல் ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. ஊசி, பிளேடு, உடைந்த மருந்துக் குப்பி எல்லாம் சேர்ந்து ‘ஷார்ப்ஸ்’. மஞ்சள் டப்பாவில் போட வேண்டும், முக்கால் பாகம் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வலியைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்தவர், 67 வயது, ஆங்கிலம் தெரியாது. நெஞ்சு வலி. டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: வலி ஷார்ப்பா, டல்லா? மகன் பதற்றத்தில் ‘கூர்மையா வலிக்குதாம்மா?’ என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ஆனாலும் மகன் கேட்கிறானே என்று ‘ஆமாப்பா’ என்று தலையாட்டினார்.

நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டரிடம் அனுமதி கேட்டு, ‘எப்படிம்மா இருக்கு? குத்துற மாதிரியா, பிடிக்கிற மாதிரியா, அடைக்கிற மாதிரியா?’ என்று மறுபடி கேட்டேன். உடனே பதில் வந்தது: ‘நெஞ்சுமேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தாயி.’ ஊசியால் குத்துகிற மாதிரி வலி, மூச்சை இழுக்கும்போது கூடுகிறது என்றால் நுரையீரல் உறை, விலா, தசை என்று ஒரு பக்கம் யோசிப்பார்கள். பாரம் வைத்த மாதிரி அழுத்துகிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்ப்பார்கள். எப்போதும் இப்படியே இருக்கும் என்று கிடையாது, எதுவானாலும் ஈசிஜி எடுப்பார்கள். ஆனால் அன்று அந்த அம்மிக்கல் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் எல்லோரும் ஓடிய வேகம் வேறு.

வலிக்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். காது குத்துகிறது, பல் குடைகிறது, மூட்டு உளைகிறது, கால் கடுக்கிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது, கண் உறுத்துகிறது, வயிறு பிசைகிறது. எங்கள் அம்மாச்சி இதில் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டார். ஆங்கிலத்தில் ‘வலி’ என்று ஒரு சொல்லை வைத்து அதன் முன்னால் ஷார்ப், டல் என்று அடைமொழி சேர்க்கிறார்கள். நமக்கு அந்த வலி என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் போதும், அடைமொழியே வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் வாக்கியத்தை நானும் பிழை என்று சொல்ல மாட்டேன். ‘நெஞ்சு சுருக்கென்றது’ என்று மாற்றிப் பார்க்கலாமா?

ஒன்றரைக் கட்டை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் வயலின் சொல்லிக் கொடுக்கிறவன். பாட்டைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பாடியது ஷார்ப் என்றால், பாட வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது என்று அர்த்தம். தமிழில் ‘சுருதி ஏறிவிட்டது’ என்போம். கீழே இறங்கினால் ஆங்கிலத்தில் ‘ஃப்ளாட்’, நமக்குச் ‘சுருதி இறங்கிவிட்டது’. ஏறுதல், இறங்குதல் என்று ஒரு படிக்கட்டு நம் மனதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கூரும் தட்டையும் இருக்கின்றன. இரண்டு மொழியும் ஒரே ஒலியைக் கேட்டுவிட்டு வேறு வேறு படத்தை வரைந்திருக்கின்றன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆர்மோனியத்தில் ஆங்கில ‘சி’ நமக்கு 1 கட்டை, ‘டி’ 2 கட்டை, ‘இ’ 3, ‘எஃப்’ 4, இப்படி 7 வரை போகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கறுப்புக் கட்டைக்கு அரை சேர்ப்போம். அவர்கள் ‘சி ஷார்ப்’ என்பது நமக்கு ஒன்றரைக் கட்டை. ‘எஃப் ஷார்ப்’ நாலரை. ‘ஜி ஷார்ப்’ ஐந்தரை, பெண்களில் நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் பாடுவார்கள். அவர்களுக்குக் ‘கூர்’ ஆக இருப்பது நமக்கு ‘அரை’. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ‘இ’க்கும் ‘எஃப்’புக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, அதனால்தான். பிள்ளைகளிடம் ஒரு கீபோர்டைக் கொடுத்து மூன்றரையைத் தேடச் சொல்லுங்கள். வகுப்பு முழுக்க அதைத் தேடும்.

ஒலி விஷயத்தில் இன்னும் ஒன்று. ஷார்ப்பான காது என்பதற்குப் ‘பாம்புச் செவி’ என்று ஒரு பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. என் அப்பா என்னை அப்படித்தான் சொல்வார்.

சனிக்கிழமை டீச்சர் மறுமொழி:

தங்கச்சி, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இருவரும் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்துப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. டாக்டர் கேட்டது ‘ஷார்ப்பா, டல்லா’. இசையில் ‘ஷார்ப்பா, ஃப்ளாட்டா’. ஆங்கிலத்தில் ஷார்ப் ஒன்றுதான், ஆனால் அதன் எதிர்ச்சொல் இடத்துக்கு இடம் மாறுகிறது! நேற்று ராத்திரி சமையல் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

கத்திக்கு எதிர்ப்பக்கம் மழுங்கல். அப்படியென்றால் இது கூர். புகைப்படத்துக்கு எதிர்ப்பக்கம் மங்கல், அப்படியென்றால் இது தெளிவு, துல்லியம். ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் ‘ஏழு மணி வாக்கில்’, ‘ஏழு ஏழரைக்கு’. அப்படியென்றால் இது ‘சரியாக ஏழு மணி’, வீட்டுப் பேச்சில் ‘ஏழு மணிக்கு டாண் என்று’. ஊறுகாய்க்கு எதிர்ப்பக்கம் சப்பென்று இருப்பது. அப்படியென்றால் இது ‘சுள்ளென்று’. பிள்ளையின் புத்திக்கு எதிர்ப்பக்கம் மந்தம். அப்படியென்றால் இது சூட்டிகை. இந்தச் சொல்லை என் மாமியார் வாயில் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று, எதிர்ச்சொல்லைத் தேடியபோது தானாக வந்தது. விலை ஏற்றத்துக்கு எதிர்ப்பக்கம் ‘கொஞ்சம் கொஞ்சமாக’, அப்படியென்றால் இது ‘கிடுகிடுவென்று’. பேச்சுக்கு எதிர்ப்பக்கம் தன்மையாகப் பேசுவது. இது ‘வெடுக்கென்று’ பேசுவது, இல்லையென்றால் ‘நறுக்கென்று நாலு வார்த்தை’ கேட்பது.

எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘என்று’வில் முடிகிறது. சுள், டாண், வெடுக், நறுக், சுருக், கிடுகிடு. தமிழில் கூர்மையை நாம் காதால் கேட்டுச் சொல்கிறோம் போலிருக்கிறது. இதை நான் எங்கும் படிக்கவில்லை, என் நோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

‘கூர்’ என்ற சொல்லுக்கும் தனி வழி இருக்கிறது, அதையும் பிள்ளைகள்தான் காட்டினார்கள். மண்டபத்து வாசலில் ‘அன்புகூர்ந்து காலணிகளை வெளியே விடவும்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி, ‘ஷார்ப்பான அன்பா டீச்சர்?’ என்றாள். இல்லை. அங்கே கூர்தல் என்றால் மிகுதல், நிறைதல். நன்னூலில் மிகுதியைக் காட்டும் சொற்களின் வரிசையில் உறு, தவ, நனி என்பவற்றோடு கூர் என்பதும் நிற்கிறது. நினைவுகூர்கிறோம் என்பதும் இந்தக் குடும்பம்தான். ஷார்ப் போகாத இடத்துக்குக் கூர் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லின் நிழல் இல்லை என்று அவர்களுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

டாக்சி வாக்கியத்துக்கும் கால்குலேட்டருக்கும்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. தங்கச்சி சொன்ன ‘சுருக்கென்றது’ எனக்கும் தோன்றியது. ஆனால் முள் தைத்தாலும் சுருக், எறும்பு கடித்தாலும் சுருக். தாத்தா போனதற்கு அது போதாது என்று நினைக்கிறேன்.

ராண்ட்பர்க் நிரலாளன் எழுதியது:

கால்குலேட்டர் விஷயம் எனக்குத் தெரியும் அக்கா. 1915-இல் ஜப்பானில் ஹயாகவா டொகுஜி என்பவர், திருகினால் ஈயக்குச்சி வெளியே வருகிற பென்சில் ஒன்றைச் செய்தார். சீவவே வேண்டாம், எப்போதும் கூராக இருக்கும். அதன் பெயரில் ‘ஷார்ப்’ இருந்தது. அந்தப் பெயரே பிற்பாடு கம்பெனிக்கு வந்தது. ஆகவே அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அவன் கால்குலேட்டரில் இருக்கிற ஷார்ப் நீங்கள் முதலில் காட்டிய அதே பென்சில்தான்.

நான் எழுதும் கணினி மொழியின் பெயரும் சி ஷார்ப். அது வயலின் ஐயா சொன்ன ஒன்றரைக் கட்டையிலிருந்து வந்தது. ‘சி’ என்ற மொழிக்கு ஒரு படி மேலே என்று காட்ட இசைக்குறியை எடுத்துக்கொண்டார்கள். தட்டச்சுப் பலகையில் அந்தக் குறி இல்லாததால் எண்குறியைப் போட்டு எழுதுகிறோம்.

டாக்சி விஷயம்: இங்கே ‘ஷாப்’ என்றுதான் காதில் விழும், ‘ர’ கேட்காது. வணக்கத்துக்கும் ஷாப், போய் வருகிறேனுக்கும் ஷாப், நன்றிக்கும் ஷாப், புரிந்தது என்பதற்கும் ஷாப். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ‘ஷாப் ஷாப்’ என்பார்கள். மினிபஸ் டாக்சியில் பின்னால் இருந்து காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும், கணக்குச் சரியாக இருந்தால் ஒரு ஷாப். இதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை, ‘சரி’. ‘சரி, வரேன்.’ ‘சரி, நாளைக்குப் பார்ப்போம்.’ நீங்கள் மேலே எழுதியதைப் பாருங்கள், ஏழு மணி ஷார்ப்புக்கும் ‘சரியாக’ என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? கத்தியில் சந்திக்காத இரண்டு சொல்லும் கடிகாரத்திலும் டாக்சியிலும் சந்திக்கின்றன.

ஒரு வேறுபாடு மட்டும் சொல்லிக் கொடுங்கள். நம் ஊரில் ‘சரி சரி’ என்று இரண்டு தடவை சொன்னால் ‘போதும், நிறுத்து’ என்ற சலிப்பு வந்துவிடும். இங்கே ‘ஷாப் ஷாப்’ என்றால் நட்பு கூடுகிறது. வந்த புதிதில் நான் டிரைவர் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், டாக்சியில் ‘ஷார்ட் லெஃப்ட்’ என்று ஒன்று உண்டு. அடுத்த இடது திருப்பத்தில் திரும்பியதும் இறக்கிவிடு என்று அர்த்தம். ‘ஷார்ப் லெஃப்ட்’ வேறு, அது வண்டியைச் சட்டென்று மடக்குவது. தமிழில் ‘இடப்பக்கம் ஒடித்துத் திருப்பு’ என்றால் எந்த டிரைவருக்கும் புரியும். டிராகன்ஸ்பர்க் மலையில் சானி கணவாய் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லின் அருமை தெரியும். அங்கேயும் ஊசிதான், ஆனால் கூர் முனை இல்லை, வளைந்த முதுகு.

டொங்காட் பெரியவர் எழுதியது:

மகளே, நீ செய்கிற காரியம் பெரிது. எனக்கு 78 வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டொங்காட். தமிழ் எழுத்தைச் சிறு வயதில் கோயில் திண்ணையில் சாயங்கால வகுப்பில் படித்தேன், ஓய்வு பெற்ற பிறகு மறுபடி பிடித்துக்கொண்டேன்.

என் அப்பா கரும்பு வெட்டினவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16-இல் டர்பன் வந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. என் பூட்டன் வந்தது அதற்கும் பிறகு, வேறு கப்பலில். எங்கள் வீட்டில் வாக்கியமாகப் பேசுகிற தமிழ் அப்பாவோடு போயிற்று. ஆனால் கைக்காரியத்துத் தமிழ் நிற்கிறது. என் பேரன் ஆங்கிலம்தான் பேசுவான், அரத்தை மட்டும் அரம் என்பான்.

அப்பா விடியற்காலையில் கொல்லையில் உட்கார்ந்து கரும்புக் கத்திக்கு அரம் போடுவார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துவார், பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுவார். அவர் ஒரு நாளும் ‘கூர்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘பதம் வந்துடுச்சா’ என்றுதான் கேட்பார். கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே லேசாக வைத்துப் பார்ப்பார். ரொம்பவும் மெலிதாகத் தீட்டிவிட்டால் கல்லில் பட்டதும் வாய் மடங்கிப் போகும், அப்புறம் நாள் முழுக்கக் கை வலிக்கும். கூர் அதிகமாகலாம், பதம் அதிகமாக முடியாது. சோறும் பதம், பாகும் பதம், கத்தியும் பதம். இந்தச் சொல்லையும் பிள்ளைகளுக்குக் கொடு.

அரம் என்றதும் திண்ணையில் படித்த குறள் ஞாபகம் வருகிறது. ‘அரம்போலும் கூர்மையரேனும் மரம்போல்வர்’, 997-ஆம் குறள். அறிவுக்குக் கூர்மை என்று சொல்வது ஆங்கிலத்தைப் பார்த்து வந்தது இல்லை என்பதற்கு இது போதும். இங்கே ஜுலுக்காரர்களும் கத்திக்கும் அறிவுக்கும் ‘புகாலி’ என்று ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் சொல்லி எனக்குத் தெரியும். கத்தியைப் பிடித்தவன் எவனுக்கும் புத்தியைப் பார்த்தால் கத்தி ஞாபகம் வரும்.

இப்போது அந்தப் பெண்குழந்தை எழுதியது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்தேன். கரும்பில் ரொம்ப அறுக்கிறது கத்தி இல்லை, தோகை. பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பல் இருக்கும். அப்பா முன்கை இரண்டிலும் கோடு கோடாக இருக்கும். தோகை அறுத்தது என்போம். அறுக்கும்போது ஒன்றும் தெரியாது, வேர்வை பட்டால்தான் தெரியும். தோகை கூர்மையானது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அது எப்படிப்பட்டது என்று நாங்கள் பார்க்கவில்லை, என்ன செய்தது என்றுதான் பார்த்தோம். நர்ஸ் மகள் எழுதியதும் இதேதான். அந்தக் குழந்தையிடம் ‘அறுத்தது’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார். திணிக்காதே. பக்கத்தில் வை.

சனிக்கிழமை டீச்சர் மறுமொழி (அடுத்த சனிக்கிழமை இரவு):

ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம். இன்றைய வகுப்பைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது.

முதல் வேலையாகப் பலகையில் அந்தச் சமக்குறியை மறுபடி எழுதி, பிள்ளைகள் முன்னாலேயே அழித்தேன். ‘ஷார்ப் என்று மனதில் வந்ததும் தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள், அதன் எதிரி யார் என்று முதலில் கேளுங்கள்’ என்றேன். எதிரி என்ற சொல் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. 28 வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். அண்ணனின் கல்யாண உடுப்புக்கு எதிரி ‘கசங்கிய சட்டை’ என்று ஒருவன் சொன்னான், ‘தொளதொளவென்று இருப்பது’ என்பதை இன்னொருத்தி கையை ஆட்டிக் காட்டினாள். அங்கிருந்து ‘மிடுக்காக’ என்ற சொல்லுக்கு வந்தோம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்சி வாக்கியம் ‘சரி சரி என்றார்’ என்று மாறியது, கூடவே கட்டைவிரலையும் படமாக வரைந்துவிட்டான் பையன். இன்னொரு வாக்கியத்தில் இருந்த ‘கூர்மையான’ வினிகருக்கு எதிரி யாருக்கும் கிடைக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்க்க வைத்து, மூக்கில் ஏறுவதற்கு ‘நெடி’ என்று சொன்னேன். மிளகாய் வறுக்கும்போது பாட்டி சொல்கிற அதே சொல் என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வீட்டிலேயே இருந்த சொல்.

ஒருவன் மட்டும், ‘ஷார்ப்வில்லில் இருக்கிறது எந்த ஷார்ப்?’ என்று கேட்டான். மார்ச் 21 ஏன் விடுமுறை என்று அவனுக்குத் தெரியும். அந்த ஊரின் பெயர் ஷார்ப் என்ற ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது, இந்தச் சொல்லோடு சேர்க்க வேண்டாம் என்றேன். 1960-இல் அதே நாளில், நிறவெறிச் சட்டத்தை எதிர்த்து அங்கே கூடிப் போலீசாரால் சுடப்பட்டு இறந்தவர்களின் எண்ணிக்கையை, அதிகாரக் கணக்குப்படி 69 என்று, அவனே வகுப்புக்குச் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மெதுவாகத்தான் பாடத்துக்குத் திரும்பினோம்.

மூன்றரைக் கட்டையைத் தேட நேரம் இல்லை. அடுத்த வாரம் கீபோர்டு வருகிறது.

அந்தப் பெண்ணை வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொன்னேன். அவள் அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவளது வாக்கியத்தை நான் திருத்தவில்லை என்று காட்டினேன். பிறகு டொங்காட் தாத்தா ஒருவர் உனக்காக எழுதியிருக்கிறார் என்று சொல்லி, ஐயா எழுதிய கடைசிப் பகுதியை மெதுவாகப் படித்தேன். புரியாத இடங்களில் ஆங்கிலத்தில் சொன்னேன். கரும்புத் தோகை வந்ததும் தலையாட்டினாள். அவள் கரும்பைத் தொட்டதில்லையாம், ஆனால் காகிதம் விரலை அறுத்திருக்கிறதாம். ‘அதுவும் அப்படித்தான் டீச்சர், முதலில் ஒன்றும் தெரியாது’ என்றாள். அம்மா ஃபோனில் சொன்ன அன்று அவள் அழவே இல்லையாம். இரண்டு நாள் கழித்துத் தாத்தாவின் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடப் போனபோதுதான் அழுகை வந்ததாம்.

அப்புறம் நோட்டை வாங்கிப் பழைய வாக்கியத்தின் கீழே எழுதினாள்: ‘தாத்தா இறந்தபோது அறுத்தது. அப்புறம் எரிந்தது.’

நெஞ்சை என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எரிந்தது என்பதில் எந்த ‘ரி’ என்று அவள்தான் கேட்டாள். சின்ன ‘ரி’ என்றேன்.